விர்ஷ் கமாண்ட் வச்சு விஎம் சர்வர பாத்துக்குறது எப்படி: சின்ன ஆபீஸ் ஐடி ஆளுங்களுக்கு

கேஎல்ல (கோலாலம்பூர்) சின்ன கம்பெனிங்களுக்கு ஐடி பாக்குற நம்ம பிள்ளைங்க நிறைய பேரு இப்ப கேவிஎம் பக்கம் வந்துட்டாங்க, ஒரே சர்வருக்குள்ள விஎம்முங்கற பல மெய்நிகர் கம்ப்யூட்டர ஓட்ட லினக்ஸ்ல இருக்க வசதி அது. 2023 நவம்பர்ல ப்ராட்காம், அதே வேலைய பண்ற விஎம்வேர வாங்குச்சு, அடுத்த மாசமே ஒரு தடவ காசு கட்டி வாங்குற லைசென்ஸ நிறுத்திட்டு சந்தா மட்டும்தான்னு ஆக்கிட்டாங்க, செந்தூல்லயோ பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ ஷாப்லாட் மாடியில ஒரே ஒரு சர்வர் வச்சு ஓட்டுற ஆபீஸுக்கு அது கட்டுப்படியாகல. கேவிஎம் 2007ல இருந்தே லினக்ஸ் கெர்னல்ல இருக்கு, லைசென்ஸ் காசு கெடையாது, அதனால மாறுனது நல்லதுதான். ஆனா மாறுன நெறய பேரு மவுஸ் வச்சு க்ளிக் பண்ணியே பழகினவங்க, கறுப்பு ஸ்க்ரீன பாத்தா கை நடுங்குது. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், மத்ததெல்லாம் இதுக்குள்ளதான் அடங்கும். ஒரு கமாண்ட அடிச்சு ப்ராம்ப்ட் (அடுத்த கமாண்டுக்கு காத்திருக்குற வரி) திரும்பி வந்துருச்சுன்னா வேலை முடிஞ்சிருச்சுன்னு நம்பாதீங்க. நீங்க சொன்னத அது காதுல வாங்கிக்கிச்சு, அவ்ளோதான். வேலை உண்மையிலயே ஆச்சான்னு தனியா இன்னொரு கமாண்ட் போட்டு கேக்கணும், கேட்டு பதில் வந்ததுக்கு அப்புறம்தான் அடுத்தது. கையில அடிச்சாலும் சரி ஸ்க்ரிப்ட் எழுதினாலும் சரி இதுதான் விஷயம்.

கமாண்டுங்கள வாயால சொல்ற மாதிரி எழுதியிருக்கேன், நீங்க டைப் பண்றப்ப கமாண்டையும் ஆப்ஷனையும் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிங்க, வேரியபிள் பேரு, செட்டிங் பேரு மட்டும் பெரிய எழுத்து, வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர். "ரெண்டு கோடு"ன்னு எங்க வருதோ அங்க ரெண்டு ஹைஃபன ஒட்டி போட்டு பக்கத்துலயே ஆப்ஷன எழுதணும், நடுவுல எடம் விடக்கூடாது. விர்ஷ்ங்கறது வி, ஐ, ஆர், எஸ், ஹெச். லிப்வர்ட்ங்கற சாஃப்ட்வேரோட கூடவே வர்ற டூல் அது, கேவிஎம் வழியா விஎம்ம ஓட்டுறது கியூஎம்யூ, அத மேய்க்கிறது லிப்வர்ட், லிப்வர்ட்கிட்ட பேசுறது விர்ஷ். ப்ராக்ஸ்மாக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு கமாண்ட் பேரு வேற, அங்க கியூஎம்னு ஒண்ணு இருக்கும், ஆனா கீழ சொல்ற யோசனை அப்படியே பொருந்தும்.

சர்வருக்குள்ள எஸ்எஸ்ஹெச் போட்டு போனதும் மொதல் கமாண்ட் விர்ஷ் லிஸ்ட் ரெண்டு கோடு ஆல். ஆல் போடலன்னா ஓடிக்கிட்டிருக்கறது மட்டும்தான் காட்டும், நின்னு போனது கண்ணுக்கே தெரியாது, நமக்கு முக்கியமே நின்னு போனதுதான். இங்க ஒரு பயம் எல்லாருக்கும் வரும். சாதா யூசரா லாகின் பண்ணி அடிச்சா லிஸ்ட் சுத்தமா காலியா வரும், ஒரு விஎம் கூட இருக்காது. ஐயோ எல்லாம் போச்சுன்னு நெனைச்சு ரீஸ்டோர் பண்ணப் போயிடாதீங்க. ரூட் இல்லாத யூசருக்கு விர்ஷ் பெரும்பாலும் அந்த யூசரோட சொந்த செஷனுக்குத்தான் கனெக்ட் ஆகும், சர்வரோட விஎம்மெல்லாம் சிஸ்டம் பக்கத்துல இருக்கும். அதனால முன்னாடி சுடோ போட்டு அடிச்சு பாருங்க, எல்லாம் பத்திரமா இருக்கும். தினமும் சுடோ போட வேணாம்னா உங்க யூசர லிப்வர்ட் குரூப்ல சேத்துட்டு, லிப்வர்ட் டீஃபால்ட் யூஆர்ஐங்கற என்விரான்மென்ட் வேரியபிள கியூஎம்யூ, கோலன், மூணு ஸ்லாஷ், சிஸ்டம்னு ஒட்டி செட் பண்ணி பாஷ் ப்ரொஃபைல்ல வச்சிருங்க. ஆனா அந்த குரூப்ல இருக்கவன் கிட்டத்தட்ட ரூட் மாதிரிதான், இன்டர்ன் பையனையெல்லாம் அதுல சேக்காதீங்க.

அடுத்து பேரு வச்சே ஆள ஏமாத்துற ஒரு கமாண்ட். ஷட்டவுன், டெஸ்ட்ராய், அன்டிஃபைன் மூணும் வேற வேற. விர்ஷ் ஷட்டவுன்னா உள்ள இருக்க ஓஎஸ்கிட்ட பவர் பட்டன அமுக்கின மாதிரி ஒரு சிக்னல் போகும், அது ஒழுங்கா மூடிக்கும், இல்ல கண்டுக்காமலும் விடும். விர்ஷ் டெஸ்ட்ராய்னா விஎம்ம அழிக்கிறது இல்ல, கரண்ட் வயர புடுங்குறது, டிஸ்க்கும் கான்ஃபிகும் அப்படியே இருக்கும் ஆனா எழுதிக்கிட்டிருந்த டேட்டாபேஸ் பாதியில நிக்கும். அன்டிஃபைன்தான் விஎம்மோட கான்ஃபிக எடுத்துடும், அதோட ரெண்டு கோடு ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ் சேத்தீங்கன்னா டிஸ்க் ஃபைலும் போயிடும், திரும்ப வராது. இந்த கடைசி ஆப்ஷன எந்த ஸ்க்ரிப்ட்லயும் எழுதி வைக்காதீங்க, எப்பவாச்சும் தேவைப்பட்டா கையால அடிங்க.

ஷட்டவுன் விஷயத்த கொஞ்சம் கிட்ட போயி பாக்கலாம், ஏன்னா ஸ்க்ரிப்ட் எழுதுறவங்க சறுக்குற எடம் இதுதான். விர்ஷ் ஷட்டவுன் போட்டு விஎம் பேர அடிச்சா ஒரு செகண்ட்லயே "டொமைன் இஸ் பீயிங் ஷட்டவுன்"னு ஒரு வரி வந்து ப்ராம்ப்ட் திரும்பிடும். அந்த நேரத்துல விர்ஷ் டொம்ஸ்டேட்னு கேட்டா இன்னும் ரன்னிங்னுதான் சொல்லும். விண்டோஸ் சர்வரா இருந்தா அப்டேட் டவுன்லோட் ஆகி காத்துக்கிட்டு இருக்கும், மூடச் சொன்னதும் சாவகாசமா அப்டேட் போட ஆரம்பிக்கும், அதுக்கு இருபது நிமிஷம் கூட ஆகலாம். ஸ்க்ரிப்ட்ல ஷட்டவுனுக்கு அடுத்த வரியிலயே டிஸ்க் காப்பி எழுதி வச்சிருந்தா பாதி அப்டேட் போட்டுக்கிட்டிருக்க விண்டோஸோட டிஸ்க்க காப்பி பண்ணுது, அந்த பேக்கப்ப ரீஸ்டோர் பண்ற அன்னைக்குத்தான் அது லட்சணம் தெரியும்.

அதனால காத்திருக்குற லூப் ஒண்ணு கட்டாயம். பாஷ்ல ஒரு ஃபங்ஷன் எழுதுங்க, விஎம் பேர வாங்கிக்கணும், ஷட்டவுன் அனுப்பணும், அப்புறம் அஞ்சு செகண்ட் ஸ்லீப் போட்டு டொம்ஸ்டேட் கேக்கணும், "ஷட் ஆஃப்"னு வந்தா ஜீரோ ரிட்டர்ன், வரலன்னா திரும்ப ஸ்லீப், நீங்க வச்ச எல்லை தாண்டிடுச்சுன்னா ஒண்ணு ரிட்டர்ன் பண்ணி உங்களுக்கு மெசேஜ் அனுப்பணும். எல்லை தாண்டினா தானா டெஸ்ட்ராய் போடுற மாதிரி எழுதாதீங்கன்னு கெஞ்சி கேட்டுக்குறேன். வெப் சர்வர்னா பரவால்ல, அக்கவுண்ட்ஸ் டேட்டாபேஸ் இருக்க விஎம்முக்கு அத முடிவு பண்றது மனுஷனாத்தான் இருக்கணும்.

டொம்ஸ்டேட் பதில ஸ்க்ரிப்ட்ல ஒப்பிடுறப்ப மேல எல்சி ஆல் ஈக்வல் சீ-ன்னு (சீயும் பெரிய எழுத்து) எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க. சர்வர வேற மொழியில செட் பண்ணியிருந்தா விர்ஷோட பதிலும் அந்த மொழியில வரும், "ஷட் ஆஃப்"ங்கற எழுத்த தேடிக்கிட்டிருக்க ஸ்க்ரிப்ட் விடிய விடிய காத்துக்கிட்டே இருக்கும். அதே மாதிரி ஓடுற விஎம் பேரெல்லாம் எடுக்க விர்ஷ் லிஸ்ட் ரெண்டு கோடு நேம் போடுங்க, டேபிள் இல்லாம வரிக்கு ஒரு பேரா வரும், ஆனா கடைசியில ஒரு காலி வரி இருக்கும், வரி வரியா படிக்கிற லூப்புன்னா அத தாண்டிப் போறதுக்கு ஒரு செக் வச்சுக்கங்க.

எல்லா விஎம்முக்குள்ளயும் கியூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் போடுங்க. லினக்ஸ்னா ஒரு பேக்கேஜ், விண்டோஸ்னா வர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவுக்குள்ளயே இருக்கு, டிஸ்க் நெட்வொர்க் ட்ரைவரோட சேத்து போட்டுடலாம். இது இருந்தா ஷட்டவுன்ல ரெண்டு கோடு மோட் ஏஜென்ட்னு போட்டு உள்ள இருக்க ஏஜென்ட்கிட்டயே மூடச் சொல்லலாம், பவர் பட்டன் சிக்னல மதிக்காத ஓஎஸ் கூட கேக்கும். ஐபி என்னன்னு வெளிய இருந்தே கேக்கலாம். எல்லாத்தவிட முக்கியம், பேக்கப் எடுக்குறப்ப ஃபைல்சிஸ்டத்த ஒரு நொடி உறைய வைக்க இது இல்லாம முடியாது.

இப்ப பேக்கப்புக்கு வரேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும். ஆபீஸ் சர்வர தினமும் ராத்திரி நிறுத்தி காப்பி எடுக்க முதலாளி ஒத்துக்க மாட்டாரு, 2024 ஆகஸ்ட்ல இருந்து மலேசியால இ-இன்வாய்ஸ் (பில்ல கம்ப்யூட்டர் வழியா வரி அதிகாரிங்களுக்கு அனுப்புறது) கட்டம் கட்டமா வந்ததுக்கு அப்புறம் அக்கவுண்ட்ஸ் சர்வர நிறுத்துறதுன்னாலே எல்லாருக்கும் டென்ஷன். அதனால ஓட ஓட எடுக்கணும். ஓடிக்கிட்டிருக்க விஎம்மோட கியூகவ்2 ஃபைல (அதுதான் விஎம்மோட டிஸ்க்) சும்மா காப்பி பண்ணிட்டா பேக்கப் ஆயிடும்னு நெனைக்காதீங்க, காப்பி ஆரம்பிச்சப்ப இருந்த தலையும் முடிஞ்சப்ப இருந்த வாலும் வேற வேற நேரத்து டேட்டா, ஒட்டாது.

முறை இதுதான். மொதல்ல விர்ஷ் டொம்ப்ளக்லிஸ்ட் (டி, ஓ, எம், பி, எல், கே, அப்புறம் லிஸ்ட்) போட்டு விஎம்முக்கு என்னென்ன டிஸ்க், எந்த ஃபைல்னு பாருங்க. விடிஏன்னு மொதல் டிஸ்க் ஒண்ணு இருக்கும், கூடவே சிடி ட்ரைவ் ஒண்ணும் மாட்டியிருக்கும், அத ஸ்னாப்ஷாட்ல சேக்காதன்னு டிஸ்க்ஸ்பெக்ங்கற ஆப்ஷன்ல சொல்லிடுறது நல்லது. அப்புறம் ஸ்னாப்ஷாட்-க்ரியேட்-ஆஸ், அதுக்கு நாலு ஆப்ஷன், எல்லாத்துக்கும் முன்னாடி ரெண்டு கோடு: டிஸ்க்-ஒன்லி, அடாமிக், க்வயெஸ், நோ-மெட்டாடேட்டா. டிஸ்க்-ஒன்லின்னா மெமரி வேணாம். அடாமிக்னா எல்லா டிஸ்க்கும் ஒண்ணா ஆகணும் இல்ல எதுவும் ஆகக்கூடாது. க்வயெஸ்தான் கெஸ்ட் ஏஜென்ட்கிட்ட சொல்லி ஃபைல்சிஸ்டத்த உறைய வைக்கிறது, விண்டோஸ்ல அது விஎஸ்எஸ் (விண்டோஸோட சொந்த ஸ்னாப்ஷாட் வசதி) வழியா போகும், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் மேல ஓடுற அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்களுக்கு டேட்டாபேஸும் சேந்து ஒழுங்கா நிக்கும். ஏஜென்ட் ஓடலன்னா க்வயெஸ் ஃபெயில் ஆகும், அப்ப சில பேரு அந்த ஆப்ஷனையே எடுத்துடுவாங்க. எடுக்காதீங்க, ஏஜென்ட ஏன் ஓடலன்னு பாருங்க.

ஸ்னாப்ஷாட் ஆனதும் விஎம் புதுசா ஒரு ஓவர்லே ஃபைல்ல எழுத ஆரம்பிச்சிருக்கும், பழைய ஃபைல் அப்படியே உறைஞ்சு நிக்கும். டொம்ப்ளக்லிஸ்ட் திரும்ப போட்டா ஃபைல் பேரு மாறியிருக்கும், கண்ணால பாத்துக்கங்க. இப்ப பழைய ஃபைல நிம்மதியா காப்பி பண்ணலாம். சீபின்னா ரெண்டு கோடு ஸ்பார்ஸ் ஈக்வல் ஆல்வேஸ் சேருங்க, இல்ல கியூஎம்யூ-இமேஜ் கன்வர்ட் போட்டு சுருக்கியே எடுத்துடலாம், நேரம் ஆகும் ஆனா எடம் மிச்சம்.

காப்பி முடிஞ்சதும் ப்ளக்கமிட் (பி, எல், ஓ, சி, கே, அப்புறம் கமிட்), விஎம் பேரு, டிஸ்க் பேரு, ரெண்டு கோடு ஆக்டிவ், ரெண்டு கோடு பிவட், ரெண்டு கோடு வெர்போஸ். இது ஓவர்லேல எழுதினதெல்லாம் பழைய ஃபைலுக்குள்ள சேத்துட்டு விஎம்ம திரும்ப பழைய ஃபைலுக்கே மாத்தும், வெர்போஸ் போட்டதால பர்சன்டேஜ் ஏறுறது தெரியும். முடிஞ்சதும் மறுபடி டொம்ப்ளக்லிஸ்ட். பழைய பேரு திரும்ப வந்திருக்கான்னு பாத்து, வந்திருந்தா மட்டும் ஓவர்லே ஃபைல அழிங்க. இந்த செக் இல்லாம ஆர்எம் போடுற ஸ்க்ரிப்ட்ட நான் யாரு எழுதியிருந்தாலும் ஏத்துக்க மாட்டேன். ப்ளக்கமிட் எதாச்சும் காரணத்துல ஃபெயில் ஆகியிருந்தா விஎம் இன்னும் ஓவர்லேலதான் எழுதிக்கிட்டிருக்கு, நீங்க அழிச்சது நேத்து ராத்திரில இருந்து இப்ப வரைக்கும் அந்த ஆபீஸ் பண்ண வேலை முழுக்க.

இன்னொரு சிக்கல், நடுவுல காப்பி ஃபெயில் ஆச்சுன்னா என்ன ஆகும். பேக்கப் டிஸ்க் ரொம்பிடுச்சு, ஸ்க்ரிப்ட் எரர் அடிச்சு வெளிய வந்துருச்சு, ப்ளக்கமிட் ஓடவே இல்ல. விஎம் சத்தமில்லாம ஓவர்லேல எழுதிக்கிட்டே இருக்கும், ஓவர்லே நாளுக்கு நாள் வீங்கும், அடுத்த ராத்திரி க்ரான் (குறிச்ச நேரத்துல ஸ்க்ரிப்ட தானா ஓட்டுறது) ஓவர்லேக்கு மேல இன்னொரு ஓவர்லே போடும். இத தடுக்கத்தான் பாஷ்ல ட்ராப்னு ஒண்ணு இருக்கு, ஸ்க்ரிப்ட் ஒழுங்கா முடிஞ்சாலும் எரர்ல முடிஞ்சாலும் எக்ஸிட் ஆகுறப்ப ஒரு ஃபங்ஷன ஓட்டும், அந்த ஃபங்ஷனுக்குள்ள ப்ளக்கமிட்ட வைங்க. அதுக்கும் மேல, ஸ்க்ரிப்ட் ஆரம்பத்துலயே டொம்ப்ளக்லிஸ்ட் பாத்து ஃபைல் பேரு ஓவர்லே பேரா இருந்தா "நேத்து வேலை முடியல"ன்னு மெசேஜ் அனுப்பிட்டு நின்னுடணும், மேல மேல அடுக்கக் கூடாது.

ஸ்க்ரிப்ட் தலையில வைக்க வேண்டியது வேற சிலது. செட் மைனஸ் ஈயூஓ பைப்ஃபெயில் போடுங்க, எரர் வந்தா நிக்கும், பேரு தப்பா அடிச்ச வேரியபிள்னா காலியா எடுத்துக்காம கத்தும். ஆர்எம் போடுற ஸ்க்ரிப்ட்ல வேரியபிள் காலியா போனா என்ன ஆகும்னு நெனச்சு பாருங்க. எஃப்லாக் வச்சு ஒரே நேரத்துல ரெண்டு தடவ ஓடாம பூட்டுங்க, பேக்கப் இழுத்துக்கிட்டு மறுநாள் வரைக்கும் போனா ரெண்டும் மோதிக்கும். டிஎஃப் போட்டு காப்பி போற டிஸ்க்லயும் ஓவர்லே இருக்க டிஸ்க்லயும் எடம் இருக்கான்னு மொதல்லயே பாருங்க. என்ன நடந்தாலும் லாகர் கமாண்ட் வச்சு சிஸ்டம் லாக்ல ஒரு வரி எழுதுங்க.

டிஸ்க் மட்டும் எடுத்தா பத்தாது. விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் போட்டு கான்ஃபிகையும் ஒரு ஃபைல்ல சேமிங்க, மேக் அட்ரஸ், சிபியு, எந்த ப்ரிட்ஜ்னு எல்லாம் அதுலதான் இருக்கு. யூஇஎஃப்ஐல பூட் ஆகுற விஎம்னா அதோட என்விராம் ஃபைல் (பூட் செட்டிங் இருக்கறது) தனியா வார் லிப் லிப்வர்ட் கியூஎம்யூ என்விராம் ஃபோல்டர்ல இருக்கும், அதையும் சேத்து எடுங்க.

க்ரான் நேரம் பத்தி நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம். சைபர்ஜெயால வாடகைக்கு எடுக்குற சர்வரோ வெளிய வாங்குறதோ, நெறய யூடிசில (உலகப் பொது நேரம்) செட் ஆகித்தான் கைக்கு வரும். நீங்க ராத்திரி 2 மணின்னு க்ரான் எழுதுவீங்க, அது யூடிசி 2 மணி, நமக்கு காலைல 10 மணி. ஆபீஸ்ல எல்லாரும் இன்வாய்ஸ் அடிக்கிற நேரத்துல டிஸ்க் முழுக்க காப்பில மாட்டிக்கும், ஏன் தினமும் பத்து மணிக்கு ஸ்லோ ஆகுதுன்னு நெட்வொர்க்காரங்கள போட்டு சண்ட புடிப்பாங்க. டைம்டேட்சிடிஎல் அடிச்சு பாருங்க, ஏசியா கோலாலம்பூர்னு செட் பண்ணுங்க, செட் பண்ணதுக்கு அப்புறம் க்ரான் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்லன்னா க்ரான் பழைய நேரத்துலயே ஓடும்.

அடுத்து டிஸ்க் ரொம்புறது. பத்து விஎம்முக்கு ஆளுக்கு 100 ஜிபின்னு கொடுத்திருப்பீங்க, ஹோஸ்ட்ல (விஎம்மெல்லாம் ஓடுற நெச சர்வர்) 600தான் இருக்கும், கியூகவ்2 எழுத எழுதத்தான் எடம் எடுக்கும்கறதால ஓடும், ஒரு நாள் முட்டும். அப்ப போன் வரும், சர்வர் ஹேங் ஆயிடுச்சு, பிங்கும் போகலன்னு. எடுத்ததும் ரீசெட் போட தோணும். வேணாம். விர்ஷ் டொம்ஸ்டேட், விஎம் பேரு, ரெண்டு கோடு ரீசன் அடிங்க. "பாஸ்ட்"னு வந்து அடைப்புக்குள்ள ஐஓ எரர்னு இருந்தா விஎம் சாகல, எழுத எடம் இல்லாததால கியூஎம்யூ அத அப்படியே நிறுத்தி வச்சிருக்கு, எழுத முடியாத டேட்டாவையும் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது. டொம்ப்ளக்எரர் போட்டா விடிஏல நோ ஸ்பேஸ்னு சொல்லும். ஹோஸ்ட்ல பழைய ஐஎஸ்ஓ, பழைய பேக்கப் எதாச்சும் எடுத்து எடம் பண்ணுங்க, டிஎஃப்ல எடம் வந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் விர்ஷ் ரெசியூம். நின்ன எடத்துல இருந்து ஓடும், யூசருக்கு கொஞ்ச நேரம் தொங்கின மாதிரிதான் தெரியும். எடம் பண்றேன்னு சொல்லி பேரு புரியாத பெரிய ஃபைல அழிச்சிடாதீங்க, அது எதாவது விஎம்மோட ஓவர்லேயா இருக்கலாம், டொம்ப்ளக்லிஸ்ட்ல எல்லா விஎம்மையும் பாத்துட்டு தொடுங்க.

இத முன்னாடியே கண்டுபுடிக்க ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் போதும், டிஎஃப் 80 பர்சன்ட் தாண்டினா டெலிகிராம்ல மெசேஜ். அதோட எக்ஸ்எம்எல்ல டிஸ்க் ட்ரைவர் வரியில டிஸ்கார்ட் அன்மாப்னு போட்டு, லினக்ஸ் விஎம்முக்குள்ள எஃப்எஸ்ட்ரிம் டைமர ஆன் பண்ணி வச்சா உள்ள அழிச்ச எடம் ஹோஸ்டுக்கும் திரும்ப கிடைக்கும். மெமரிய மட்டும் டிஸ்க் மாதிரி கூட்டி கொடுக்காதீங்க, ஹோஸ்ட்ல ராம் தீந்தா கெர்னல் ஒரு கியூஎம்யூவ கொன்னு போடும், பெருசா இருக்கறதத்தான் பெரும்பாலும் புடிக்கும், பெருசு எதுன்னா உங்க டேட்டாபேஸ். ஒரு விஎம் காரணமே இல்லாம நின்னிருந்தா டிமெசேஜ்ல (டி, எம், ஈ, எஸ், ஜி) "அவுட் ஆஃப் மெமரி"ன்னு தேடுங்க.

இடி மழை பத்தி சொல்லாம இருக்க முடியாது. ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் கேஎல்ல சாயந்திரம் ஆனா வானம் கிழியும், கரண்ட் ஒரு வெட்டு வெட்டிட்டு வரும். யூபிஎஸ் இருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க, பேட்டரி தீந்தா அதுவும் வயர புடுங்குன கணக்குதான். நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் போட்டு யூஎஸ்பி கேபிள சொருகினா பேட்டரி குறைஞ்சதும் ஹோஸ்ட மூடச் சொல்லும். ஹோஸ்ட் மூடுறப்ப விஎம்முங்கள என்ன பண்றதுன்னு முடிவு பண்றது லிப்வர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸ். உபுண்டு டெபியன்ல ஈடிசி டீஃபால்ட் ஃபோல்டர்ல அந்த பேர்ல ஃபைல் இருக்கும், ஆன் ஷட்டவுன்ங்கறத ஷட்டவுன்னு வைங்க, பேரலல் ஷட்டவுன்ல ஒரு நம்பர் கொடுத்தா ஒண்ணு ஒண்ணா காத்திருக்காம சேத்து மூடும், டைம்அவுட்ட உங்க பேட்டரி தாங்குற நேரத்துக்குள்ள வைங்க. சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கான்னு சிஸ்டம்சிடிஎல்ல பாருங்க. அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ்ல ஆள் இல்லாதப்ப, முதலாளிகிட்ட சொல்லிட்டு யூபிஎஸ்ஸோட ப்ளக்க நெசமாவே கழட்டி பாருங்க. எல்லா விஎம்மும் மூடி, ஹோஸ்ட் மூடி, அப்பவும் பேட்டரி மிச்சம் இருக்கணும்.

கரண்ட் வந்து ஹோஸ்ட் எழுந்ததும் விஎம்மெல்லாம் தானா எழ விர்ஷ் ஆட்டோஸ்டார்ட். ஆனா அதுல வரிசை கிடையாது, டேட்டாபேஸுக்கு முன்னாடி அப்ளிகேஷன் சர்வர் எழுந்து கனெக்ட் பண்ண முடியாம விழுந்து கிடக்கும். வரிசை முக்கியம்னா ஆட்டோஸ்டார்ட்ட டேட்டாபேஸுக்கு மட்டும் வச்சுட்டு மத்தத சின்ன ஸ்க்ரிப்ட்ல எழுப்புங்க. இங்கயும் அதே கதைதான், டொம்ஸ்டேட் ரன்னிங்னு சொன்னா விஎம்முக்கு கரண்ட் வந்துருச்சு அவ்ளோதான், டேட்டாபேஸ் தயாரா இல்லயா அதுக்கு தெரியாது. என்சி மைனஸ் இசட் வச்சு டேட்டாபேஸோட போர்ட் தொறந்திருக்கான்னு தட்டிப் பாத்துட்டு அப்புறம் அடுத்த விஎம்ம ஸ்டார்ட் பண்ணுங்க.

க்ளோன் எடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. வர்ட்-க்ளோன் புது மேக் அட்ரஸ் கொடுக்கும், ஆனா உள்ள இருக்க மெஷின்-ஐடி அதேதான். உபுண்டு சர்வர் மாதிரி சிஸ்டம்டி-நெட்வொர்க்டி ஓடுறதுல டிஹெச்சிபி அந்த ஐடிய வச்சுத்தான் கேக்கும், ரெண்டு விஎம்முக்கும் ஒரே ஐபி வந்து மாத்தி மாத்தி விழும், மேக் வேற வேறயா இருக்கே எப்படின்னு தலைய பிச்சுக்குவீங்க. நிறுத்தி வச்ச க்ளோன் மேல வர்ட்-சிஸ்ப்ரெப் ஓட்டுனா அந்த ஐடி, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீ எல்லாம் தொடச்சிடும். ஓடுற விஎம் மேல அத ஓட்டாதீங்க, டிஸ்க் கெட்டுடும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட்டோட சொந்த சிஸ்ப்ரெப்தான்.

நீளமான வேலைய எஸ்எஸ்ஹெச்ல நேரா ஓட்டாம டீமக்ஸ்குள்ள (லைன் கட்டானாலும் வேலைய ஓட்டிக்கிட்டே இருக்க டூல்) ஓட்டுங்க, மாமாக் கடை வைஃபைல இருந்து ப்ளக்கமிட் போட்டு லைன் கட்டாச்சுன்னா அப்புறம் எங்க நிக்குதுன்னு தேடணும். விர்ஷ் கன்சோலுக்குள்ள போயிட்டு வெளிய வர தெரியாம டெர்மினலையே மூடுறவங்க இருக்காங்க, கன்ட்ரோலோட மூடுற சதுர அடைப்புக்குறி அமுக்குனா வெளிய வந்துடலாம்.

கடைசியா ரீஸ்டோர் டெஸ்ட். மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் ஒரு விஎம்மோட பேக்கப்ப எடுத்து கியூஎம்யூ-இமேஜ் செக் போடுங்க, அப்புறம் அத இன்னொரு எடத்துல காப்பி பண்ணி வர்ட்-இன்ஸ்டால்ல ரெண்டு கோடு இம்போர்ட், ரெண்டு கோடு நெட்வொர்க் நன்-னு போட்டு புது பேர்ல எழுப்புங்க. நெட்வொர்க் இல்லாம எழுப்பணும்ங்கறது முக்கியம், இல்லன்னா அதே ஐபியோட ரெண்டு அக்கவுண்ட்ஸ் சர்வர் ஆபீஸ்ல நிக்கும், யாரு எதுல எழுதினாங்கன்னு பிரிக்கவே முடியாது. லாகின் ஸ்க்ரீன் வந்ததோட நிறுத்தாதீங்க, உள்ள போயி நேத்து தேதி போட்ட இன்வாய்ஸ் ஒண்ண தொறந்து பாருங்க. பாத்து முடிச்சதும் அந்த டெஸ்ட் விஎம்ம அன்டிஃபைன் பண்ணி, டிஸ்க்க கையால அழிங்க, யூஇஎஃப்ஐ விஎம்னா அன்டிஃபைன்ல ரெண்டு கோடு என்விராம் சேக்கலன்னா ஒத்துக்காது. பேக்கப் இருக்க வெளி டிஸ்க்க லக்ஸ் (லினக்ஸ்ல டிஸ்க்க பூட்டுற முறை) வச்சு என்க்ரிப்ட் பண்ணுங்க, க்ளினிக் டியூஷன் சென்டர் மாதிரி எடம்னா உள்ள இருக்கறது அடுத்தவங்களோட ஐசி (அடையாள அட்டை) நம்பரும் நோய் விவரமும், 2010 பிடிபிஏ (தனிநபர் தரவு பாதுகாப்பு) சட்டம் அதுக்குத்தான் இருக்கு, 2025 ஜூன்ல இருந்து டேட்டா கசிஞ்சா கமிஷனருக்கு தெரியப்படுத்தணும்னும் வந்துருச்சு. அந்த டிஸ்க்கோட பாஸ்ஃப்ரேஸ சர்வர்லயே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வைக்காம, முதலாளிகிட்ட ஒரு காப்பிய கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்துடுங்க.